கிரேன்காரர் தரையில் படுத்த காலை

கட்டடம் கட்டும் இடத்தில் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது மாடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கழுத்தை வளைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். கம்பிக்கட்டோ தண்ணீர்த் தொட்டியோ, அவர் கை அசைந்தால்தான் அசையும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு செங்கல்கூட அவர் கொக்கியிலிருந்து நழுவியதில்லை.

ஐம்பத்தோராவது வயதில் ஒரு நாள் காலை கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. மனைவி பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்பையே மொத்தமாகத் திருப்ப வேண்டியிருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கீழ பார்த்துப் பார்த்தே இறுகிப்போச்சு. யோகா கத்துக்குங்க," என்றார்.

"இந்த வயசுல என்னைக் குட்டிக்கரணம் போடச் சொல்றாரு," என்று வீட்டில் வந்து புலம்பினார். மகள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நூலகத்தின் மேல்மாடியில் சனிக்கிழமை காலையில் நடக்கும் வகுப்பில் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டு, ஒரு பச்சை விரிப்பையும் வாங்கிக் கையில் திணித்தாள்.

அந்த அறையில் மேசை நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். உயரமான ஜன்னல்கள். இளவெயில் மரத்தரையில் நீளநீளமாக விழுந்து கிடந்தது. வந்திருந்த பத்துப் பேரில் பாதிக்கு மேல் அவர் மகள் வயதுதான். அவர் கடைசியில் சுவரோரமாக இடம் பிடித்தார். சொல்லிக்கொடுத்த பெண் மற்ற நாட்களில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். பேச்சில் அவசரமே இல்லை.

"மெதுவா குனிஞ்சு கால்விரலைத் தொடுங்க. எட்டலன்னா விட்டுடுங்க."

அவர் கை முழங்காலோடு நின்றுவிட்டது.

"முட்டி வரைக்கும்தாம்மா வருது."

"முட்டியும் உங்களுதுதானே சார். அதுவே போதும்." பக்கத்தில் வந்து நின்றவள், "ஆனா மூச்சை ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பாரம் தரையைத் தொடும்வரை அவர் மூச்சு விடுவதில்லை. எத்தனை ஆயிரம் பாரம்! அத்தனை தடவையும் நெஞ்சுக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கடைசியில் எல்லோரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். முதுகுக்குக் கீழே தரை இருந்தது, அவ்வளவுதான். ஆனால் தரை இவ்வளவு பெரியது என்று அவருக்கு அதுவரை தோன்றியதில்லை. சுற்றிலும் பத்து மூச்சுகள் கரைக்கு வரும் தண்ணீர்போல ஏறி இறங்கின. சற்று நேரத்தில் யாரோ தன்னைக் கொக்கியில் மாட்டித் தூக்குவதுபோல் இருந்தது. கம்பி மெல்ல ஆடியது. கூண்டில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் நல்ல கைக்காரர். குலுங்காமல், இடிக்காமல், வெயிலுக்குள் கொண்டுபோனார்.

தன் குறட்டைச் சத்தத்திலேயே அவர் விழித்துக்கொண்டார். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பவில்லை. காரணம் தெரிந்ததும் மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இருபத்தாறு வருஷமா நானும்தான் அந்தக் குறட்டையைக் கேட்கறேன். ஓடியா போயிட்டேன்? எழுந்திருங்க!"

எழுந்து போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படியே வாரங்கள் போயின. கை முட்டியைத் தாண்டி ஒரு சாண் இறங்கியது.

மூன்றாம் மாதம் ஒரு காலை, கண்ணாடிச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பனிமூட்டம் வந்து சூழ்ந்தது. முதலில் தெரு மறைந்தது. பிறகு கூரைகள், பிறகு கொக்கியும் அதில் தொங்கிய பாரமும். கூண்டைச் சுற்றி வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கீழே நின்று கை காட்டுபவரின் குரல் வயர்லெஸ்ஸில் நடுங்கியது.

"அண்ணே, எனக்கு எதுவுமே தெரியல!"

"நிறுத்திட்டேன்ப்பா. அடியில யாரையும் விடாத. கலையட்டும்."

"பாரம் அந்தரத்துல நிக்குதேண்ணே."

"நிக்கட்டும். நீ முதல்ல மூச்சை விடு."

சொன்ன பிறகு தானும் விட்டார். உள்ளே இழுத்தார், மறுபடி விட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் கொஞ்சம் இறங்கியது. கீழே பார்க்க ஒன்றும் இல்லாததால் தலையைப் பின்னால் சாய்த்தார். கழுத்து முனகாமல் வளைந்துகொடுத்தது. கூண்டின் கூரையிலும் ஒரு கண்ணாடி இருந்தது. அதற்கு மேலே பனி இல்லை. கழுவிவிட்டதுபோல நீலம். ஒரு பறவை அவசரமில்லாமல் அதைக் கடந்து போனது.

கால் மணி நேரம் அப்படியே இருந்தார். பிறகு தெருவின் நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு கீறல் இல்லாமல் சட்டங்களை இறக்கி வைத்தார்.

சாயங்காலம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மனைவி, "வானம் எப்பவும் அங்கதானே இருக்கு?" என்றாள்.

"இருக்கும்போல. நான்தான் பார்க்கல."

அவள் மூலையில் இருந்த பச்சை விரிப்பை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு, "அந்த வகுப்புல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டாள்.