கல்லறையில் கண்டெடுத்த ‘ரூட்’ குடும்பம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமத்துச் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கு இன்று போயிருந்தேன். பெங்களூர் ஆர்வலர் ஒருவர் பழைய ஜெர்மன்காரர்களின் கல்லறைப் பெயர்களை இணையப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“ரூட்னு ஒரு குடும்பம் சார். பாதிக் கல்லு அவங்களுதுதான். ஊரையே ஆண்டிருப்பாங்க!”

எட்டிப் பார்த்தேன். அவர் காட்டிய கல்லிலெல்லாம் ஜெர்மன் மொழியில் ‘ஹீர் ரூட்’ என்றிருந்தது. ஓசூரில் ஜெர்மன் கம்பெனியில் வேலை பார்ப்பதால் எனக்கும் அரைகுறையாக அந்த பாஷை தெரியும்.

“அது பேரு இல்ல சார். ‘இங்கே இளைப்பாறுகிறார்’னு அர்த்தம்.”

“நான் பத்து வருஷமா இதுலதான் இருக்கேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து வருடத்தில் எத்தனை ஊரில் இந்த ரூட் குடும்பத்தைக் குடியேற்றினாரோ!

பக்கத்துத் தமிழ்க் கல்லறைகளை அவர் சீண்டவே இல்லை. “லோக்கல் ஆளுங்கள யாரு சார் தேடப் போறாங்க?”

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த மேரியக்கா நிமிர்ந்தார். “எங்கப்பா கல்லுலயும் ‘இங்கே இளைப்பாறுகிறார்’னுதான் சார் போட்டிருக்குது. அப்ப நாங்களும் ரூட்டு குடும்பந்தானே? சேர்த்து எழுதிக்கங்க.”

ஜெர்மனியில் ரூட் வகையறா யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவர்களுடைய பங்காளி இங்கே விளக்குமாறோடு காத்திருக்கிறார்.