ஏழாவது நரம்பும் என் மச்சானும்

இன்று சிதம்பரத்தில் ஒரு டாக்டர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க" என்றார்.

சிரித்தேன். முகத்தின் வலது பாதி மட்டும் சிரித்தது!

நண்பர்களே, இதை நேற்றுக் காலையிலிருந்து சொல்ல வேண்டும்.

முகம் கழுவும்போது இடது கண்ணுக்குள் சோப்பு போய்விட்டது. கடைக்காரனைத் திட்டினேன். (மட்டமான சரக்கு விற்கிறான் என்று ஏற்கெனவே அவன்மேல் எனக்குக் கோபம்.)

காபி சப்பென்று இருந்தது. பாதி வாயோரமாக வழிந்து சட்டையில் விழுந்தது. காபிக்கும் டம்ளருக்கும் சேர்த்து மனைவியைத் திட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி என் இடது காதில் இடி மாதிரி விழுந்தது. பியூனைக் கூப்பிட்டேன்.

"மணிய அடிக்கிறியா, ஒடைக்கிறியா?"

"எப்பவும் போலத்தான் சார் அடிச்சேன்!"

நான் நம்பவில்லை.

வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சாயங்காலம் நானும் கேட்டேன். என் மனைவி தனலட்சுமியின் பதில்: "மூஞ்சி கோணித்தான் இருந்துச்சு. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்."

(இத்தனை வருடத் தாம்பத்தியம்!)

கண்டுபிடித்தது யார் தெரியுமா? என் மச்சான்!

தனலட்சுமியின் அண்ணன். எனக்கு வரவேண்டிய தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். நான் எம்.ஏ., அவர் பி.ஏ. இதற்குமேல் சொன்னால் புறம் பேசுவதாகிவிடும். பள்ளியில் அவரை 'சார்' என்றும், வீட்டில் 'மச்சான்' என்றும் நான் கூப்பிட வேண்டும். அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நேற்று மதியம் ஆசிரியர் கூட்டம். அவர் நீளமாகப் பேசினார். நான் வழக்கம்போல் உதட்டோரமாக ஒரு இளிப்பு இளித்தேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"மாப்ள, இன்னொரு தடவ அப்புடி இளி."

"என்னது?"

"வருசக்கணக்கா பாக்குறேன்யா. ஒன் நக்கல் எடது பக்கந்தான் ஏறும். இன்னிக்கு வலது பக்கம் ஏறுது. எங்க, கண்ண மூடு!"

மூடினேன். இடது கண் மூடவில்லை.

என் அப்பா இப்படித்தான் ஒருநாள் வாய் கோணி உட்கார்ந்தார். பிறகு எழுந்து நடக்கவே இல்லை. அது எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும்.

இன்று காலை என்னைக் கேட்காமலே முதுநகர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்காரவும் விடவில்லை. "எதிர்காத்து ஆவாது, இங்குட்டு வா" என்று நடுவில் இழுத்துப் போட்டார்.

டாக்டர் என் கைகளை இறுக்கச் சொன்னார். கால்களைத் தூக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன.

"ரெண்டு புருவத்தையும் மேல தூக்குங்க."

வலது புருவம் ஏறியது. இடது நெற்றி இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி அப்படியே கிடந்தது.

"நெத்தியும் போச்சா? ரொம்ப நல்லது!" என்றார் டாக்டர்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா சார் நல்லது? பாதி மூஞ்சி செத்துக் கெடக்கு!"

விஷயம் இதுதான். நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறதாம். மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கம் நெற்றியைக் காப்பாற்றிவிடும், வாய்தான் கோணும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால், கோளாறு பெரும்பாலும் மூளையில் இல்லை. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு சந்து வழியாக வருகிற நரம்பில்தான்! தலையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடிகளில் அது ஏழாவது.

கண்ணை மூடுவது அது. உதட்டை இழுப்பது அது. நாக்கின் முன்பகுதிக்கு ருசி கொண்டுவருவதும் அதுவே. காதுக்குள் ஒரு துளித் தசையை இழுத்துப் பெரிய சத்தத்தை அடக்குவதும் அதுவாம்!

சோப்பு, காபி, டம்ளர், மணி! மூன்று பேரைத் திட்டினேன். செய்தது ஒரே நரம்பு! (ஆனால் அந்தச் சோப்பு மட்டமானதுதான்.)

"ஏன் வந்தது?" என்று கேட்டேன். சரியாகத் தெரியாது என்றார். மனிதனை விண்வெளிக்கு அனுப்பித் திரும்பவும் இறக்கிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நரம்பு ஏன் வீங்குகிறது என்று தெரியவில்லையாம்!

அநேகமாகச் சில வாரங்களில் சரியாகிவிடுமாம். அதுவரை கண்ணை மூடிக் கட்ட வேண்டும். தினமும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழக வேண்டும்.

"அது இவருக்குப் பழக்கமில்லாத வேலையாச்சே டாக்டர்" என்றார் மச்சான்.

திரும்பும் ரயிலில் மச்சான் சொன்னார்: "கண்ணாடியப் பாத்தா ஒனக்கு ஒண்ணும் வராது மாப்ள. தெனம் சாயங்காலம் நானே வரேன். என்னப் பாத்தாத்தான் ஒனக்கு அது தானா வரும்!"

சிரித்துவிட்டேன். வலது பக்கம் மட்டும்.

நாற்காலி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இருந்தாலும் நாளைச் சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.

சரி, உங்கள் நக்கல் எந்தப் பக்கம் ஏறும்? வீட்டில் கேட்காதீர்கள். உங்களுக்கு ஆகாதவரிடம் கேளுங்கள்!