ஒரு முழம் டியூப்

இன்றைக்கும் யாராவது வந்து, "புயலை யார் தடுக்க முடியும்?" என்று ஆறுதல் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புயலையா நான் குறை சொன்னேன்? என் வள்ளத்தை உடைத்தது புயல் மட்டும் இல்லை.

என் வீட்டுக்காரர் பஹ்ரைனில் இன்னொருவருடைய லாஞ்சில் மீன் பிடிக்கிறார். இங்கே எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு ஃபைபர் வள்ளம். அவர் ஊரில் இல்லாததால் பதிவுச் சீட்டில் பெயர் என்னுடையது. கடலுக்குக் கொண்டுபோவது கொழுந்தன். அவன் குடும்பமும் என் இரண்டு பிள்ளைகளும் அந்த வள்ளத்தை நம்பித்தான் சாப்பிட்டோம்.

எச்சரிக்கை வந்த அன்று காலையிலேயே ஊர் மொத்தமும் தூண்டில் வளைவுக்கு ஓடியது. கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைத்துப் போட்ட சுவர் அது. அதன் மடியில்தான் வள்ளங்களைக் கட்டுவோம். கொழுந்தன் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கினான். வலையை நான் தலையில் வைத்து நாலு நடை வீட்டுக்குச் சுமந்தேன். மண்ணெண்ணெய்க் கேனையும் நான்தான் சுமந்தேன். அதற்கெல்லாம் பொம்பளை ஆகும். வள்ளத்துக்குள் கால் வைக்க மட்டும் ஆகாது. பொம்பளை கால் பட்டால் வள்ளம் விளங்காது என்பது எங்கள் கரையில் சட்டம். வள்ளத்தின் முன்தலையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது மாதா பெயர். மாதா யாராம்?

எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அங்கே நின்ற ஒருத்தனுக்கும் தெரியாது. முன்தலை விளிம்பில் ஃபைபர் பெயர்ந்து ஒரு பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நங்கூரக் கயிறு அதில்தான் உரசும். நைந்த கயிறு வீட்டுக்கு வரும்போதெல்லாம் உட்கார்ந்து பிரித்து முறுக்கி ஒட்டுப்போட்டவள் நான். ஒவ்வொரு தடவையும் நைவது ஒரே இடம், வள்ளத்து முடிச்சிலிருந்து ஒரு முழம் தள்ளி. அந்த இடத்தில் லாரி டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டால் கயிறு பிழைத்துக்கொள்ளும். ஒரு முழம் டியூபை வெட்டி, கட்டுவதற்கு நைலான் நரம்பும் எடுத்துக்கொண்டு கல்மேல் போய் நின்றேன்.

வள்ளத்துக்குள் நின்ற கொழுந்தனிடம் நீட்டினேன். "இந்தா பிடி. கயிறு உரசுத இடத்துல சுத்திக் கட்டு."

"புதுக் கயிறு மைனி. யானையைக் கட்டலாம்."

"புதுக் கயிறுன்னா அறாதோ? சொன்னதைச் செய்யி லே."

"பொறவு கட்டுதேன்" என்று டியூபை வாங்கி மூலையில் போட்டான். பக்கத்து வள்ளத்தில் கூப்பிட்டார்கள், தாவிப் போய்விட்டான். ஊரான் கயிற்றுக்கெல்லாம் முடிச்சுப் போட்டான். நானும் ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில், வள்ளத்தின் பின்தலையிலிருந்து கல்லில் கட்டியிருந்த பின்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வள்ளம் பைய என் பக்கம் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை விளிம்பில் வைத்தேன்.

"ஏ மக்ளே, காலை எடு." ஊர்க் கமிட்டி அண்ணாச்சிதான். "ஊருக்கே ஆபத்து வருத நேரத்துல என்ன காரியம் பண்ணுத?"

கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு எல்லா ஆண்களும் என் காலைப் பார்த்தார்கள். கொழுந்தன் ஓடி வந்தான். "மானத்தை வாங்காதீங்க மைனி. நான் கட்டுதேன்னு சொன்னேம்லா." சொல்லிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான்.

"அவன் பாத்துக்கிடுவான், நீ வீட்டுக்குப் போ" என்றார் என் வீட்டுக்காரர், பஹ்ரைனில் இருந்துகொண்டு.

காலை எடுத்துவிட்டேன். அதுதான் இன்றுவரை செரிக்கவில்லை. அவர்கள் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என் மேல்தான்.

மறுநாள் காலையிலேயே காற்று பிடித்துவிட்டது. எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக என் வள்ளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அலைக்கு ஏறி இறங்கித் தாக்குப்பிடித்தது. பிறகு முன்தலை சட்டென்று திரும்பியது. முன்னால் பிடித்திருந்த நங்கூரக் கயிறு அறுந்துவிட்டது. பின்கயிறு மட்டும் பிடித்து வைத்திருக்க, துணி துவைக்கிற மாதிரி வள்ளம் கல்லில் அடிபட்டது. கொழுந்தன் என் பக்கத்தில்தான் நின்றான்.

சாயங்காலம் காற்று அடங்கியதும் போனோம். மற்ற வள்ளங்கள் கீறலோடு தப்பியிருந்தன. எங்கள் முன்தலையில் மிஞ்சித் தொங்கிய கயிற்றைப் பிடித்துக் கையால் அளந்தேன். சரியாக ஒரு முழம். டியூப் பலகைக்கு அடியில் நரம்போடு அப்படியே சிக்கிக் கிடந்தது.

கொழுந்தன் இடுப்பளவு தண்ணீரில் நின்று உடைந்த வள்ளத்தைப் பிடித்திருந்தான். "மைனி, உள்ள ஏறி அந்தப் பலகையை எடுத்துக் குடுங்க" என்றான்.

கமிட்டி அண்ணாச்சி நாலடி தள்ளிக் கல்மேல் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு காலையும் உள்ளே வைத்தேன்.