உண்ணிச்செடியில் படிந்த வெள்ளை

சயனைடைத் தின்றுவிட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதார நம்பினேன். சும்மா நம்பவில்லை, பாயை விரித்துப் படுத்து, கைகளை மார்பில் கட்டி, முகத்தில் கொஞ்சம் சாந்தத்தையும் வரவழைத்துக்கொண்டு நம்பினேன்.

அப்போது எனக்குத் தங்கச் சுரங்கத்தில், கல்லைப் பொடித்துச் சோதிக்கிற ஆபீஸில் வேலை. அங்கிருந்த துரைக்குத் தத்துப்பூச்சிப் பைத்தியம். அதிலும் ஒரே ஒரு இனத்தின் மேல்தான். பச்சை இறக்கையைக் கூரைபோல மடக்கி உட்கார்ந்திருக்கும், தொட்டால் எகிறும். விடுமுறை நாளில் வலையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவேன். பிடித்ததைச் சயனைடுக் கட்டி பதித்த புட்டிக்குள் போட்டால் சட்டென்று அடங்கிவிடும். அப்புறம் துரை லென்ஸை வைத்து இறக்கை நரம்புகளைப் பார்ப்பார். தேடுகிற இனம்தான் என்று உறுதியானால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. சுரங்கத்தைச் சுற்றியிருந்த கேம்ப்புகளில் கோரமண்டலில் வைத்தாயிற்று, மாரிகுப்பத்திலும் வைத்தாயிற்று. நடுவே ஊரிகம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

ஊரிகத்தில் குடியிருந்தவன் நான். “எங்க பக்கம் அதெல்லாம் கெடையாதுங்க துரை” என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தேடிப் பார்த்துச் சொன்னதல்ல. தினம் பார்க்கிற இடத்தில் புதிதாக என்ன இருந்துவிடும் என்ற நினைப்புதான்.

அன்று துரைக்குக் காய்ச்சல். வீட்டில் இருந்தேன். அடுப்படிக்குப் பின்னால் உண்ணிச்செடியின் தண்டெல்லாம் வெள்ளை வெளேரென்று ஏதோ படிந்திருந்தது. தடவினேன், பஞ்சுபோல ஒட்டியது. கையைத் துடைக்காமலே வெற்றிலை மடித்துப் போட்டு, விரலில் இருந்த மிச்சச் சுண்ணாம்பை நக்கினேன். அதற்குப் பிறகுதான் மூளை வேலைக்கு வந்தது. காற்றடித்தால் தங்கம் பிரித்தபின் மில் பக்கத்தில் கொட்டிய சயனைடு மண்மேட்டின் தூசு எங்கள் லைன் வீடுகள்மேல்தானே வந்து விழும்? நாக்கு மரத்தது. படுத்துவிட்டேன்.

என் மனைவி வந்து பார்த்தாள். “இன்னாங்க, சோறு ஆறிப்போவுது.”

“எனக்கு வேணாம். நான் போறேன்.”

“எங்க, மாரிகுப்பத்துக்கா?”

“வெளையாடாத. செடிமேல இருந்த சயனைடைத் தின்னுட்டேன். புட்டியில போட்ட பூச்சி எவ்ளோ நேரம் தாங்குது தெரியுமா? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“நீங்க படுத்தப்புறம் ஒரு பானை சோறு வெந்து, வடிச்சும் ஆச்சு. அந்தப் பூச்சிக்கு இருக்கற ரோஷம்கூட உங்களுக்கு இல்லியே!”

சாகப்போகிறவனிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு அழுகையே வந்தது. அவள் பின்பக்கம் போய், அந்தச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து என் மூக்கருகே நீட்டினாள்.

“இதானே உங்க சயனைடு? நடக்குது பாருங்க.”

நடந்தது. வெள்ளைத் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தண்டின் மறுபக்கம் நகர்ந்து ஒளிந்தன. ஒன்று எகிறி என் வயிற்றில் உட்கார்ந்தது. மரத்த நாக்கு அந்தக் கணமே சரியாகிவிட்டது.

படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எகிறல் எனக்குப் பழக்கம், துரையின் தத்துப்பூச்சிக் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு கேம்ப்பும் சுற்றி நான் வலை வீசிய நாளெல்லாம், இவை என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடும்பம் நடத்தியிருக்கின்றன. வரைபடத்தில் இருந்த வெறுமைக்கு முழுக் காரணம் நான்தான்.

கிளையைக் கொண்டுபோய்க் காட்டினேன். குஞ்சுக்கு இறக்கை இல்லை, அதனால் இனம் சொல்ல முடியாது என்றார் துரை. செடியைத் துணியால் மூடிக் காத்திருந்தோம். இறக்கை முளைத்ததும் நரம்புகளைப் பார்த்தார், அதே இனம். ஊரிகத்தில், ஏறக்குறைய என் அடுப்படி இருக்கும் இடத்தில், புள்ளி வைத்தார். நான் நக்கியது அந்தக் குஞ்சுகள் வால்பக்கம் சுரக்கிற மெழுகு.