கோயில் பந்தியிலிருந்து முப்பத்தாறு பேர்

நாலு பேர் வந்துகொண்டிருந்த ஒரு வகுப்பை நாற்பது பேர் வரும் வகுப்பாக அதிகாரிகளிடம் காட்டினேன். அதனால் அதே அறையில் ஒழுங்காக நடந்துவந்த இன்னொரு வகுப்பு மூடப்பட்டது. செய்தது நான்தான். யாரும் தூண்டவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க வேலையில் நான் செய்தது, பொதுப்பணத்தில் நடக்கும் திட்டங்கள் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. வருகைப் பட்டியலைக் கையில் வாங்கினால் போதும், எது நாளுக்கு நாள் நிரப்பியது, எது அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஒரே மூச்சில் நிரப்பியது என்று சொல்லிவிடுவேன். பொய்ப் பட்டியலில் யாருக்கும் காய்ச்சல் வராது. கொட்டுகிற மழையிலும் எல்லோரும் வந்திருப்பார்கள். கையெழுத்துகள் வேறுவேறாக இருக்கும், மை மட்டும் ஒன்றாக இருக்கும். இப்படி எத்தனையோ பேரை நான் வியர்க்க வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சிங்கப்பூரில், தெம்பனிஸ் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் மேற்பார்வையிட மிஞ்சியிருந்தது குளிர்பதனப் பெட்டி ஒன்றுதான். எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்று மூன்றாம் முறையாக விளக்கியபோது மனைவி சொன்னாள்:

“எங்கயாவது போய்ட்டு வாங்களேன். சாயங்காலமா வந்தா போதும்.”

அப்படித்தான் லிட்டில் இந்தியாவில், ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளப் பொது அறையில், முதியோருக்குத் தமிழில் கைத்தொலைபேசி சொல்லித்தரும் தொண்டூழியம் எனக்குக் கிடைத்தது. அரசாங்க மானியத்தில் நடந்த திட்டம். கழுத்தில் மாட்டிக்கொள்ள என் படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதை வண்டியில் ஏறும்போதே மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில்தான் கழற்றுவேன்.

என் வகுப்பு வெள்ளிக்கிழமை. செவ்வாயிலும் வியாழனிலும் அதே அறையில் நாற்காலிப் பயிற்சி நடந்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற தாதி, ஒரு முஸ்லிம் அம்மா. மருத்துவமனைப் பழக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. ஒன்பது பேர் வருவார்கள். ஒன்பது பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்வதும் எழுவதும் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. பாட்டு இல்லை, கைதட்டல் இல்லை. சிஸ்டர் எண்ணுவார், இவர்கள் எழுவார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் பல காலம் பேருந்து ஓட்டியவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் எழுபத்திரண்டு வயதான என்னைத் ‘தம்பி’ என்பார்.

“தம்பி, ஆறு மாசம் முன்னாடி ரெண்டு பேர் புடிச்சுத் தூக்கினாத்தான் எந்திரிப்பேன். இப்பப் பாருங்க,” என்று சொல்லி, நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுந்து காட்டி, மறுபடி உட்காருவார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவி உருவத்தில் அவரில் பாதிதான் இருப்பார். தானாக எழ முடிந்தால் அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் கடிதம் வந்தது. மானியம் தரும் அமைப்பு திட்டங்களை மறுஆய்வு செய்யப்போகிறது, அந்த அறைக்கு இனி ஒரு திட்டம்தான் என்று. எந்தத் திட்டம் மக்களுக்கு அதிகம் பயன்படுகிறது என்பதை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

என் வகுப்புக்கு அப்போது வந்துகொண்டிருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் பேரனுக்காகக் காத்திருக்கும் இடமாக மட்டும் அறையைப் பயன்படுத்தினார்.

கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் அவ்வளவுதான். பெரிதாக எதுவும் தேடிச் சொல்லப்போவதில்லை.

அதிகாரி வரும் வெள்ளிக்கிழமை மதியம், பக்கத்துக் கோயிலின் அன்னதானக் கூடத்து வாசலில் போய் நின்றேன். சாப்பிட்டுக் கைகழுவி வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: “ஒரு அரை மணி நேரம் வந்து உக்காந்தா போதும். ஏர்கான் இருக்கு.”

ஏர்கான் என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை என் முப்பது ஆண்டுச் சேவைக்குக்கூட இருந்ததில்லை. ஒருவர் மட்டும், “கையெழுத்துப் போடணுமா? சொத்து விஷயமா?” என்று சந்தேகப்பட்டார். முப்பத்தாறு பேர் வந்தார்கள். நெற்றியில் திருநீறு, கையில் மிச்சச் சாதம் கட்டிய பிளாஸ்டிக் பை, சிலர் செருப்பைக் கோயிலிலேயே மறந்துவிட்டு வெறுங்காலோடு.

பலரிடம் கைத்தொலைபேசி இல்லை. அதை நான் முன்பே எதிர்பார்த்திருந்தேன். சிராங்கூன் சாலையில் தெரிந்த கடைக்காரரிடம், கண்ணாடிக்குப் பின்னால் பார்வைக்கு வைக்கும் பொம்மைக் கைத்தொலைபேசிகளை ஒரு தட்டு நிறைய இரவல் வாங்கி வைத்திருந்தேன். வருகைப் பட்டியலை ஐந்து பேனாக்களால் நிரப்பியிருந்தேன். பழைய வாரங்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சலும் வரவழைத்திருந்தேன்.

அதிகாரி ஓர் இளம்பெண், நம்மவர். அறைக்குள் வந்ததும் அசந்துபோய் நின்றுவிட்டார்.

“அங்கிள், இவ்வளவு பேரா? மத்த சென்டர்ல பத்துப் பேரு வரதே பெரிசு லா.”

முன்வரிசையில் ஓர் அம்மா பொம்மைக் கருவியைக் காதில் வைத்து, ஜொகூரில் இருக்கும் மகனோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதில் பேட்டரிகூடக் கிடையாது. “உன் பொண்டாட்டி ஏன் பேச மாட்டேங்கிறா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, தலையை ஆட்டிக்கொண்டார். ‘தன்னம்பிக்கையுடன் பயன்படுத்துகிறார்’ என்று அதிகாரி குறித்துக்கொண்டதை எட்டிப் பார்த்தேன்.

அதிகாரி ஒரு பெரியவரிடம் குனிந்து, “தாத்தா, கிளாஸ் எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா மோர் வரதுக்குள்ள எந்திரிக்கச் சொல்லிட்டாங்க.”

“வகுப்பு முடிஞ்சதும் சேந்து சாப்பிடறது உண்டு,” என்று நான் குறுக்கே விழுந்தேன். “நல்ல ஒற்றுமை.”

“ஓ, சோஷியல் பாண்டிங்,” என்று அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்தது கருத்துப் படிவம். எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, என்னிடமே நீட்டினார். “ஸ்கூல்ல படிச்சதோட சரி, அங்கிள். இந்த ஹேண்ட்ரைட்டிங் எல்லாம் எனக்கு வராது. நீங்களே சொல்லுங்க, நான் டைப் பண்ணிக்கிறேன்.”

முதல் தாளில் ‘இரண்டாம் முறை சாம்பார் கேட்டால் முறைக்கிறார்கள்’ என்று இருந்தது. ‘இரண்டாம் நிலை வகுப்பும் வேண்டும்’ என்று சொன்னேன். இன்னொன்றில் ‘கூட்டில் உப்பு இல்லை’. அதை ‘பாடத்தில் இன்னும் கொஞ்சம் ஆழம் தேவை’ ஆக்கினேன். எல்லாமே பாராட்டாக இருந்தால் சந்தேகம் வரும் என்பது எனக்குத் தெரியும். ‘பாயசம் பிரமாதம், எங்க வீட்டில்கூட இப்படி வராது’ என்று ஒரு தாள். ‘பிள்ளைகள்கூட இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தந்ததில்லை’ என்றேன். அதிகாரியின் கண் கலங்கியது.

முந்தின நாளே அவர் சிஸ்டரின் வகுப்பைப் பார்த்திருந்தார். அன்று இருவர் மருத்துவமனைக்குப் போயிருந்ததால் ஏழு பேர்தான். சிஸ்டர் ஏழு என்றே எழுதியிருந்தார். இந்த வகுப்பின் விளைவு என்ன என்று கேட்டதற்கு, “தானா எந்திரிச்சு டாய்லெட் போறாங்க,” என்றாராம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

இரண்டு மாதத்தில் நாற்காலிப் பயிற்சி நிறுத்தப்பட்டது. என் வகுப்பு முன்மாதிரித் திட்டமாகத் தேர்வானது. சிஸ்டர் வந்து தன் பொருள்களை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் அந்தப் பட்டியல் மாதிரி ஆகிவிடும்.

ஒரு காலை தேக்கா சந்தையின் உணவுக்கடைகள் பக்கம் போனபோது அந்தப் பேருந்து ஓட்டுநரைப் பார்த்தேன். மேசையில் அவர் தேநீர்க் கோப்பை காலியாக இருந்தது. மனைவி பக்கத்தில் நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, கிளம்பலயா?”

“கிளம்பணும். இன்னொரு ஆள் வேணும், தம்பி. இவ ஒருத்தியால முடியாது.”

ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மேசை துடைக்கும் ஒருவரும் பிடித்துத் தூக்கினோம். அவர் கால் நடுங்கியது. “கிளாஸ் நின்னதுல இருந்து இப்படித்தான். வீட்ல செஞ்சு பாத்தேன், எண்ண ஆளில்லாம ஓட மாட்டேங்குது,” என்றார். பிள்ளைகள் இல்லத்துக்கு மனுப்போட்டுவிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினேன். நடந்ததை ஒன்றும் விடாமல், பொம்மைக் கருவிகள் உட்பட. மூன்று நாளில் பதில் வந்தது: ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. எங்கள் சேவை உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளித்தது?’ கீழே ஐந்து நட்சத்திரங்கள்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தவர், “இது கம்ப்ளெய்ன்ட்டா, காம்ப்ளிமென்டா, அங்கிள்?” என்றார். குற்ற ஒப்புதல் என்றேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்று வருந்தினார்.

அதற்குள் வேறொரு கடிதம். முன்மாதிரித் திட்டங்களை நடத்துபவர்கள் மற்றவர்களோடு அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம், டோபி காட் அருகே ஓர் அரங்கில். நானும் ஒரு பேச்சாளர். இதுதான் சரியான இடம் என்று போனேன்.

மேடையேறிச் சொன்னேன்: “நாற்பது பேரை வரவழைத்த வழி ரொம்ப எளிது. கோயிலில் சாப்பாடு முடியும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன்.” அரங்கம் சிரித்தது. பொம்மைக் கைத்தொலைபேசியைச் சொன்னேன். இன்னும் சிரித்தது. மோர், பாயசம், கூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “நான் உண்மையைச் சொல்கிறேன்,” என்று உரக்கச் சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் வேறு வேறு நிலையங்களை நடத்தும் மூவர், தனித்தனியாக, என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: “எந்தக் கோயில் சார்? பந்தி எத்தனை மணிக்கு முடியும்?”

அரங்கில் இருந்தவர்களில் அந்த இளம் அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அறையில் நான், வழக்கமான மூவர், பேரனுக்காகக் காத்திருப்பவர்.

“ஐ டிரஸ்டட் யூ, அங்கிள்,” என்றார். “பாயசத்துக்கு நான் அழுதேன், தெரியுமா?”

என் கழுத்து அட்டையை நானே கழற்றிக் கொடுத்தேன். மீண்டும் ஒரு நீண்ட வாக்குமூலம் கொடுத்தேன். இம்முறை அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொண்டார். சிஸ்டர் சம்மதித்தால் நாற்காலிப் பயிற்சியைச் சோதனையாக ஆறு மாதம் நடத்தலாம் என்று பிறகு தகவல் வந்தது.

சிஸ்டர் அதே அடுக்குமாடிப் புளோக்கில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். வாசல் இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், “தெரியும் சார். அன்னிக்கு நான் கீழதான் நின்னேன். வெறுங்காலோட போனவங்களப் பாத்தேன்,” என்றார்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, சிஸ்டர்?”

“என் கிளாஸப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். உங்க கிளாஸப் பத்தி என்னை யாரு கேட்டா?” பிறகு பூட்டைத் திறந்தார். “நடத்தறேன். நீங்களும் வாங்க. ஆனா பேனாவத் தொடக்கூடாது. நாற்காலிய அடுக்குங்க.”

ஒன்பது பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார், இருவர் பிள்ளைகளோடு வேறு பேட்டைக்குப் போய்விட்டார்கள். நான் ஏழாவது. மூன்று மாதம் கழித்து அதிகாரி வந்தபோது படிவத்தின் ஓரத்தில் கையாலேயே ஒரு கட்டம் போட்டிருந்தார்: தானாக எழுகிறாரா? ஒவ்வொருவராக எழுந்தோம். பேருந்து ஓட்டுநரால் முடியவில்லை.

“இவருக்கு என்ன போட, சிஸ்டர்? ட்ரையிங்னு போடட்டா?”

“முடியலன்னு போடுங்க.”

அப்படியே போட்டார். வகுப்பை நீட்டித்துக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு வருடம்தான். அதையும் சிஸ்டர் என் கையில் கொடுக்கவில்லை, தூரத்திலிருந்து காட்டினார்.

பேருந்து ஓட்டுநருக்கு இப்போது ஒருவர் துணை போதும். அதனால் இல்லத்துக்குப் போட்ட மனுவைப் பிள்ளைகள் தள்ளி வைத்திருக்கிறார்கள், திரும்பப் பெறவில்லை. இழந்த பலம் இந்த வயதில் முழுதாகத் திரும்பாது என்று சிஸ்டர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். போன வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஓட்டுநர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். சிரிக்க வேண்டிய இடங்களில்கூடச் சிரிக்கவில்லை.

“அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?” என்றார்.

“அவ்வளவுதாண்ணே.”

“அப்பக் கையக் குடுங்க. டாய்லெட் போகணும்.”

கொடுத்தேன். அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அறையைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டிப் போய்வர வெகுநேரம் ஆயிற்று. வழியில் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. கையையும் விடவில்லை.