பில்லைப் போட்டவன் கட்டணும்

கடலாடிக்குக் கிழக்கே ஒரு சூரிய மின்சாரக் கம்பெனி வந்தபோது எங்களுக்கும் நல்ல காலம் வந்துவிட்டதாக நம்பினோம். எங்களுக்கு என்றால் எனக்கும் என் கூட்டாளிக்கும். நான் கடலாடிப் பக்கத்து கிராமத்துக்காரன்; கல்லுக்கால் ஊன்றிக் கம்பிவேலி போடுவது தொழில். அவர் பெரியபட்டினத்துக்காரர். சவூதியில் பல வருடம் இயந்திரம் ஓட்டிச் சேர்த்த காசோடு ஊர் திரும்பிப் பழைய பொக்லைன் ஒன்றை வாங்கியவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

கம்பெனி நிலத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, சுற்றிலும் வேலி போட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

வாசல் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் வரி அலுவலகத்து ஜீப் வந்தது. காவலாளி நிறுத்தினார். உள்ளேயிருந்து அனுமதி வரும்வரை அதிகாரிகள் வெயிலில் நின்றார்கள். பிறகு ஒரு அறையில் உட்காரவைத்து, பாதுகாப்பைப் பற்றி ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். படம் முடிந்ததும் ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட். அரசாங்கம் வரிசையில் நின்று உள்ளே போனதைக் கம்பிச் சுருளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அவர்கள் கையில் காலண்டரும் இனிப்புப் பெட்டியும் இருந்தன. கணக்கெல்லாம் மும்பையில் இருக்கிறதாம், இங்கே வெறும் வெயில்தான் இருக்கிறதாம், காவலாளி சொன்னார்.

வேலையை முடித்தோம். ஜிஎஸ்டி சேர்த்து பில் போட்டு, அதை இணையத்தில் ஏற்றினால்தான் பணம் என்றார்கள். ஏற்றினோம். "ஹெட் ஆபீஸ்ல பிராசஸ்ல இருக்கு" என்றார்கள். மழைக்காலம் வந்து போனது. பிராசஸ் போகவில்லை.

ஏர்வாடி போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுவிட்டு போனை நீட்டினேன். பணம் போகவில்லை. மறுபடி நீட்டினேன். பின்னால் நின்ற வேன்காரர் ஹாரன் அடித்தார். பங்குப் பையன் என்னைப் பார்த்த பார்வையில், அத்தனை வருடம் நான் அங்கே டீசல் போட்டதெல்லாம் அழிந்துபோனது. கூட்டாளி வந்து பணம் கட்டி என்னை மீட்டார். வங்கியில் விசாரித்தால், கட்டாத ஜிஎஸ்டிக்காக எங்கள் கணக்கை முடக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது என்றார்கள். வாங்காத பணத்துக்குக் கட்டாத வரி!

ராமநாதபுரத்து வரி அலுவலகத்துக்கு இருவரும் போனோம். அங்கே இருந்த அம்மையார் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார்.

"மேடம், கைக்கு வந்த காசுக்கு வரி கேட்டா கொடுக்கலாம். வராத காசுக்கு நாங்க எங்கிட்டுப் போறது?" என்றார் கூட்டாளி.

"சட்டத்துல காசுன்னு இல்ல பாய், பில்லுன்னுதான் இருக்கு. பில்லைப் போட்டவங்க கட்டணும்."

"பில்லை வாங்குனவங்க?"

"அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள விவகாரம்."

நான் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கம்பெனியே வரி பாக்கின்னு பேப்பர்ல போட்டுருந்தாங்களே மேடம்?"

"அது பாக்கி இல்ல சார், வழக்கு."

நாங்கள் கட்டாவிட்டால் பாக்கி. அவர்கள் கட்டாவிட்டால் கருத்து வேறுபாடு. இத்தனை வயதில் இது தெரியாமல் இருந்தது என் தவறுதான்.

அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு நோட்டீஸ் விட்டா டெல்லியில இருந்து வக்கீல் வாராரு. உங்களுக்கு விட்டா நீங்க வாரீங்க. மாசக் கடைசியில நான் மேல வசூல் காட்டணும் சார்."

"அவங்க எங்களுக்குத் தரவேண்டியதுல இருந்து நேரா நீங்களே பிடிச்சுக்கங்களேன்" என்றேன். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். சொன்னபடி கம்பெனிக்கு எழுதியும் போட்டார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். கம்பெனியின் வக்கீலிடமிருந்து தடித்த காகிதத்தில் பதில் வந்தது: வேலியின் தரம் ஆய்வில் இருக்கிறது, ஆகவே யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அந்த வேலியைத் தாண்டி ஒரு ஆடுகூட உள்ளே போனதில்லை. ஆய்வு மட்டும் எப்படியோ போய்விட்டது.

அடுத்த வாரம் ஜீப் பெரியபட்டினத்துக்கு வந்தது. இங்கே அனுமதிச் சீட்டும் படமும் ஹெல்மெட்டும் தேவைப்படவில்லை. நேராக வாசலுக்கு வந்தார்கள். கூட்டாளியின் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். வந்தவர்கள் பொக்லைனை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். "விக்கக் கூடாது, நகத்தக் கூடாது" என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்தவர்கள் என்று அந்த அம்மா சர்பத் கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார்கள்.

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டாளி உள்ளே போய் மதிய ளுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, "வித்துருவோம் மாப்ளே" என்றார்.

"விக்கக் கூடாதுன்னாங்களே?"

"வரி கட்டத்தான் விக்கிறோம்னா வேணாம்னா சொல்லுவாங்க?"

சொல்லவில்லை. அம்மையாரே அனுமதி வாங்கிக்கொடுத்தார். பரமக்குடிக்காரர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டார். அது தெருமுனை திரும்பும்வரை கூட்டாளி என்னோடு கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிரிக்கெட் பிடிக்காது.

வரி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டினோம். கணக்கு திறந்தது. நாங்கள் கட்டிய அந்த வரியைக் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆடிட்டர் விளக்கினார். "பணம் தராமலேயா?" என்று கேட்டேன். "கொஞ்ச காலத்துக்கு. அதுக்குள்ள உங்களுக்குப் பணம் தரலைன்னா கழிச்சதைத் திருப்பிக் கட்டணும்" என்றார், பரிதாபமாக. அந்தக் கொஞ்ச காலம் முடியும் தறுவாயில், அதுவும் மிகச் சரியாக, கம்பெனி பணம் போட்டது. தரக்குறைவு என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான். அதே மாதம், முன்மாதிரி வரி செலுத்துநர் என்று அதன் மேலாளர் ஒரு விழாவில் கேடயம் வாங்கும் படம் பேப்பரில் வந்தது. நன்றாகச் சிரித்திருந்தார்.

இரண்டாம் கட்ட நிலத்துக்கும் வேலி போட விலை கேட்டார்கள். வெட்கமில்லாமல் நானும் விண்ணப்பித்தேன். பதில் மின்னஞ்சலில் வந்தது: வரி ஒழுங்கில் குறைபாடு உள்ள ஒப்பந்தக்காரர்களுடன் எங்கள் நிறுவனம் தொழில் செய்வதில்லை. அதைச் சத்தமாக வாசித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "நல்ல கம்பெனியா இருக்கும்போல" என்றாள்.

கூட்டாளி மறுபடி சவூதிக்கே போய்விட்டார். நான் வீட்டுமனைகளுக்கு வேலி போடுகிறேன். சின்ன வேலை, கையோடு கூலி. போன வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தார்.

"எப்புடி மாப்ளே இருக்கு அங்கன?" என்றேன்.

"சம்பளத்துக்கு வரியே கிடையாது மாப்ளே" என்றார். "சம்பளமும் ரெண்டு மாசமா கிடையாது."