சனியின் வெள்ளைப் பொட்டும் இருபத்துமூன்று நிமிடமும்

"திருமதி கி. துஷ்யந்தி, முகாமைத்துவ உதவியாளர், தரம் இரண்டு. இரு கண்களிலும் பார்வைக் குறைபாடு உண்டு. நுண்ணிய பார்வை தேவைப்படும் கடமைகளுக்கும், சூரியன் மறைந்த பின்னரான வெளிக்களக் கடமைகளுக்கும் உகந்தவரல்ல."

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் தனிப்பட்ட கோவையில் இந்த வரிகள் பதினொரு வருடமாக இருக்கின்றன. கீழே மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் உண்டு. குறை சொல்ல எதுவுமில்லை. மருத்துவர் கண்ணைப் பார்த்தார், கண் சரியில்லை என்று எழுதினார். சூரியன் மறைந்த பிறகு இந்த அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்கும்படி அந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் இருக்கவில்லை.

சூரியன் மறைந்த பிறகு துஷ்யந்தி கட்டுகஸ்தோட்டையில் பக்கத்து வீட்டு மொட்டைமாடியின் கொங்கிரீட் தட்டில் உட்கார்ந்து, நூற்றுமுப்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சனிக்கிரகத்தில் அடிக்கும் புயல்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதை ஆர்வம் என்று சொல்வதற்கில்லை, களைப்பு என்று சொல்லலாம். கனடாவில் இருக்கும் அண்ணன் வீடு மாறியபோது, எறிய மனமில்லாத தன் எட்டு அங்குலத் தொலைநோக்கியைப் பெட்டியில் போட்டு இங்கே அனுப்பிவிட்டார். தேத்தண்ணீர் கேட்கிறவரும் படிவம் கேட்கிறவரும் இல்லாத ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார துஷ்யந்திக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவளுடைய வீட்டுக் கூரை தகரம். அதனால் பக்கத்து வீட்டு ருஷ்தாவின் தட்டுக்கு, இருபத்தெட்டுப் படி, மூன்று நடையாக, அந்தப் பாரத்தை ஏற்றி இறக்கினாள். ஓய்வெடுப்பதற்காகத் தொடங்கிய வேலையில் முழங்கால் இரண்டும் போயின.

வேலை என்னவோ அவளுக்குப் பிடித்திருந்தது. பார்ப்பது தொலைநோக்கியில் மாட்டிய கமரா, அவளல்ல. மூன்று நிமிடம் காணொளி எடுத்தால் பல ஆயிரம் படம் விழும். மகாவலி ஆற்றுக் காற்றில் அவற்றில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளியும். பத்தில் ஒன்பதை எறிந்துவிட்டு மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும். ஒரு தாளைக்கூட எறியவிடாத அலுவலகத்தில் பதினெட்டு வருடம் இருந்தவளுக்கு, எறிவதே வேலை என்பது பெரிய ஆறுதல்.

கணவர் கிருஷ்ணராஜ் இரும்புக்கடையில் விற்பனையாளர். அவருக்கு ஒரே ஒரு கவலைதான்.

"கோயில்ல எல்லாரும் சனி பகவானுக்குப் பக்கவாட்டுல நின்னு பயந்து பயந்து கும்பிடுறாங்க. நீ என்னடான்னா நேருக்கு நேரா குழாய நீட்டுற."

"நான் நேரா பாக்கலைங்க. கமராதான் பாக்குது."

"கமரா யாரு பேருல இருக்கு?"

ஐப்பசியில் மழை ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை. ஏழு மணிக்குப் பதிவைத் தொடங்குவதாகத் திட்டம். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க ருஷ்தா பிளாஸ்டிக் கதிரையோடு மேலே வந்தாள்.

"அக்கா, இண்டைக்கும் அந்தச் சனியனத்தானா புடிக்கிறீங்க?"

"அவரு மட்டுந்தான் ருஷ்தா, எங்கிட்ட ஒன்னுமே கேக்காம நிக்கிறாரு."

ருஷ்தா மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்தாள். "வளையம் எங்க? பொஸ்தகத்துல தொப்பி மாதிரி ஈந்திச்சே."

"இப்ப விளிம்பு நம்ம பக்கம் திரும்பியிருக்கு. கோடு மாதிரிதான் தெரியும்."

"நான் பாக்க வந்த நேரம் பாத்தா திரும்பணும்!"

அப்போது பள்ளிவாசலில் இஷா இரவுத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. ருஷ்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "தொழுதுட்டு வாறன் அக்கா. அதுவரைக்கும் ஓட விடாம வைங்க. தொடங்கக்குள்ள நான் ஒருக்காப் பாக்கணும்."

தட்டு அவளுடையது. துஷ்யந்தி காத்திருந்தாள். ருஷ்தா திரும்பி வந்ததும் பதிவு ஓடியது. முடிந்ததும் துஷ்யந்தி கொப்பியை எடுத்து எழுதினாள்: திங்கள், 7.00.

இங்கே அலுவலக வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் எவ்வளவு நேரம் நின்றாலும், வரவுப் பதிவேட்டில் எல்லோரும் எழுதுவது 8.30. இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. வந்த நேரம் வேறு, வரவேண்டிய நேரம் வேறு, பதிவேடு கேட்பது இரண்டாவதை. பதினெட்டு வருடம் அப்படி எழுதிய கை, சனிக்கிரகத்துக்கென்று புதுப் பழக்கம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மடிக்கணினியின் மணிக்கூடு எப்போதோ செத்துவிட்டதால், கை எழுதியதுதான் கணக்கு.

படத்தில் கிரகத்தின் நட்டநடுவே, தென்பாதியில், ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. இடிமின்னலோடு கூடிய புயல். அந்தப் பொட்டுக்குள் இலங்கையைப் பல தடவை போடலாம். நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, சனி ஒன்பது சுற்றுச் சுற்றி அதே முகத்தைக் காட்டியபோது மறுபடியும் எடுத்தாள். அன்று மேகம் திடீரென்று விலகியது. திட்டமிட்ட நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. வேறு வழியில்லாமல் கைபேசியைப் பார்த்து 7.14 என்று எழுதினாள். பொட்டு அன்றும் நட்டநடுவே நின்றது.

இரண்டு படங்களையும் வழக்கம்போல வெளிநாட்டில் இருந்த ஒருவருக்கு அனுப்பினாள். உலகெங்கும் இருக்கும் பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர்களின் அளவுகளைச் சேர்த்து வைப்பவர் அவர். நான்கு வருடமாக "நன்றி, கிடைத்தது" என்ற இரண்டே வார்த்தைதான் அவரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை வந்த பதிலில் ஒரு பந்தி இருந்தது.

சனியின் ஒன்பது சுற்று நான்கு நாளுக்கு ஒன்பது நிமிடம் குறைவு என்பதால், திங்களன்று 7.00க்கு நடுவே நின்ற புயல் வெள்ளியன்று 6.51க்கே நடுவே வந்திருக்க வேண்டும்; 7.14 என்றால் இருபத்துமூன்று நிமிடம் பிந்தி வந்திருக்கிறது. அப்படியானால் நான்கு நாளில் பதின்மூன்று பாகை நழுவியிருக்க வேண்டும். அந்த இடத்துப் புயல்கள் அப்படி நழுவுவதில்லை. ஓர் அவுஸ்திரேலியர் இந்தப் பொட்டை முதலில் கண்டிருந்தாலும், அந்த நான்கு நாளுக்கு வேறு யாரிடமும் படமில்லை. இதை துஷ்யந்தியின் பெயரில் ஒரு குறிப்பாக வெளியிட விரும்புகிறார். நேரங்கள் சரிதான் என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும்.

அவள் அதை நாலு தரம் வாசித்தாள். அலுவலகத்தில் அவள் எழுதுவதெல்லாம் வேறொருவர் கையொப்பத்தில்தான் போகும். அவளுடைய வார்த்தைக்காக யாரும் காத்திருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. இப்போது ஒரு மனிதர் காத்திருந்தார்.

உடனே எழுதிவிடத்தான் கொப்பியைத் திறந்தாள். 7.14 பார்க்க 7.14 மாதிரி இருந்தது. 7.00 பார்க்க 8.30 மாதிரி இருந்தது.

பின்னேரம் மழை கொட்டியது. குடையோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"ருஷ்தா, திங்கக்கிழமை நீங்க தொழுதுட்டு மேல வந்தப்ப மணி என்ன இருக்கும்?"

"அதெல்லாம் ஆரு பாத்த? ஏன், என்னமும் காணாமப் பெய்த்தா?"

"ஏழு மணி இருக்குமா?"

"என்ன அக்கா கதைக்கிறீங்க, பாங்கே ஏழு மணிக்குத்தானே. இரிங்க, போட்டோ ஈக்குது. ஒங்கட லெப்டொப்ப எடுத்து மகளுக்கு அனுப்பினேனே."

கைபேசியை நீட்டினாள். திரையில் சனி, ஓரத்தில் பதிவு ஓடத் தொடங்கி எட்டு வினாடி. படம் எடுத்த நேரம் 7.23.

"ஏன் மொகம் வாடிப் பெய்த்து?"

"ஒன்னுமில்ல. உங்க போன் நல்ல போன்."

"இதா? மகள்ட பழசு."

சோறு போடும்போது கிருஷ்ணராஜிடம் சொன்னாள். அவர் கடையில் நாள் முழுக்க ஆணியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தவர். இருபத்துமூன்று நிமிடம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"ஏழு மணினு எழுதின. ஏழு மணியாவே இருக்கட்டும். அந்தாளு இங்க வந்து கடிகாரத்தப் பாக்கப் போறானா?"

"பாக்கமாட்டாரு."

"வேற யாருகிட்டயும் படம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அதாங்க கஷ்டமா இருக்கு. யாராவது கண்டுபிடிப்பாங்கன்னா பேசாம விட்டுடலாம்."

கிருஷ்ணராஜ் இதை யோசித்துப் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. 7.23 என்று எழுதினால் புயல் அசையவே இல்லை என்றாகிவிடும். அசையாத பொட்டு அவுஸ்திரேலியருடையது. குறிப்பு வராது, பெயர் வராது. திங்கட்கிழமை முதல் மறுபடியும் "நன்றி, கிடைத்தது" என்று வரும், இருபத்தெட்டுப் படியும் அப்படியே இருக்கும். நழுவாத புயலை நழுவியதாக எழுதி வைத்தால், எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு பிள்ளை காரணம் தேடி உட்காரும் என்றும் அவளுக்குத் தோன்றியது. அந்தப் பிள்ளையின் களைப்பை அவளால் நன்றாகவே கற்பனை செய்ய முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு துஷ்யந்தி மடிக்கணினியைத் திறந்தாள். முதல் படத்தின் நேரம் 7.00 அல்ல, 7.23 என்றும், புயல் நகரவில்லை என்றும், பிழை தன்னுடையது என்றும் மூன்று வரி எழுதி, ருஷ்தா எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.